நாலாம் மூலைக் காவல்

நாவற்குடாவில் வாவிப் பக்கமாக இறங்குகிற அந்த ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன கறி என்று அறிய வேண்டுமானால் கேதீஸ்வரியைக் கேட்டால் போதும். உப்புக் காணாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, ரதீஸ் குடும்பம் பக்கத்து வளவுக்குக் குடிவந்து ஒரு மாரியும் ஒரு கோடையும் போன பிறகும் அவர்களைப் பற்றி உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை என்றால், பிழை கேதீஸ்வரியில் இருக்க முடியாது. அந்த வீட்டில்தான் ஏதோ இருக்க வேண்டும்.

தெரிந்தது இவ்வளவுதான். ரதீஸுக்குப் புளியந்தீவில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. பெண்சாதி நிரோஜினி முந்தி நேர்சரியில் படிப்பித்தவள், இப்போது வீட்டோடு. ஒரே பிள்ளை யதுஷா, ஏழு வயது. பிள்ளை கதைக்காது. கூப்பிட்டால் திரும்பாது. கோயில் ஸ்பீக்கர் தொடங்கினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடும். மற்ற நேரமெல்லாம் வேலியோரம் நின்று ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டிருக்கும். காலையிலும் இடியப்பம், மத்தியானமும் இடியப்பம், இரவைக்கும் இடியப்பம். அதில் ஒரு பொட்டுச் சம்பல் பட்டால் தட்டு முழுவதும் நாய்க்கு.

நிரோஜினி ஒன்றும் ஒளிக்கவில்லை. வந்த புதிதிலேயே வேலிக்கு மேலால், "அவளுக்கு ஓட்டிசம் மாமி. எல்லாம் விளங்கும், நம்மளப்போலச் சொல்ல வராது, அவ்வளவுதான்" என்று சொன்னாள்.

"ஓ, அப்பிடியா மனே" என்று கேதீஸ்வரி தலையை ஆட்டினாள். ஆட்டினது தலை மட்டும்தான். மறைக்க வேண்டிய எதற்கும் டொக்டர்மார் ஒரு இங்கிலீசுப் பேர் வைத்துக் கொடுப்பார்கள் என்பது அவளுடைய நெடுநாள் கட்சி. உள்ளே வந்து புருசனிடம், "ஒளிக்கிறவள்தான் முதல் ஆளா வந்து சொல்லுவாள்" என்றாள்.

வினாயகமூர்த்தி பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வெடுத்தவர். முப்பது வருசம் சனத்தின் கதையைக் கேட்டவர் என்றபடியால் இப்போது பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வதை ஒரு வழக்கமாக வைத்திருந்தார். "அப்ப சொல்லாட்டி?" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"சொல்லாட்டிக் கட்டாயம் ஒளிக்கிறாள்."

அவளுக்குச் சந்தேகம் வந்தது பிள்ளையைப் பார்த்தல்ல. பொழுதுபட நடக்கிற கூத்தைப் பார்த்து.

இரண்டு வளவுக்கும் நடுவில் தகர வேலி. அதில் ஒரு ஆணி விழுந்த ஓட்டை. கேதீஸ்வரி முருங்கை ஆய வருகிற சாட்டில் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தாள். பொழுது படுகிற நேரம் ரதீஸ் முன்னால், பிள்ளை நடுவில், நிரோஜினி பின்னால் என்று மூன்று பேரும் வரிசையாக வளவைச் சுற்றுவார்கள். நாலு மூலையிலும் நாலு கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் பிளாஸ்டிக் பூசிய ஒரு அட்டை. வெள்ளையில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் விரித்த கறுப்புக் கை. மூலைக்கு வந்ததும் ரதீஸ் நின்று, அடித்தொண்டையால் நீட்டி, "நில்" என்பான். பிள்ளை தன் உள்ளங்கையை அந்தக் கறுப்புக் கைமேல் வைக்கும். "திரும்பு" என்பான். மூன்று பேரும் திரும்பி அடுத்த மூலைக்குப் போவார்கள். மழை பெய்தாலும் குடையோடு போவார்கள். காலையில் இடியப்பம் முடிந்ததும் பிள்ளை தனியே ஒரு சுற்று வரும். தாய் குசினி வாசலில் நின்று கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போதாக்குறைக்கு வேலியோரம் முழுக்க மட்டி ஓடுகள். வாவிக்கரையில் பொறுக்கினதைப் பிள்ளை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, நூல் பிடித்தது போல் அடுக்கியிருந்தது. எல்லாவற்றின் வாயும் கேதீஸ்வரி வீட்டைப் பார்த்தபடி.

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது விளங்க எவ்வளவு நேரமாகும். வளவுக்குக் காவல் கட்டுகிறார்கள். நாலு மூலைக்கும் ஆள் வைத்து மந்திரித்துக் கெட்டதை உள்ளே விடாமல் மறிக்கிறார்கள். காவல் கட்டுவது குற்றமில்லை. அவளும் கட்டியவள்தான். ஆனால் தினம் தினம் புதுப்பிக்கிற காவலை அவள் கண்டதில்லை. அப்படியென்றால் வருகிறது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

"இஞ்ச பாருங்க," என்றாள் புருசனிடம். "அங்க நுழைய ஏலாம மறிச்சு விட்டது எங்க போகும்?"

"எங்க?"

"பக்கத்து வளவுக்குத்தானே. நம்மட வளவுக்கு."

"வந்தா ஒரு பிளேன்ரீ போட்டுக் குடு."

அவருக்குப் பகிடி. அவளுக்கு வயிற்றில் நெருப்பு. மகள் தர்சிகாவுக்கு முப்பது நடக்கிறது. கொழும்பில் கணக்காளர் வேலை, பார்வைக்கும் குறைவில்லை. ஆரையம்பதியிலிருந்து நல்ல இடமாக ஒரு சம்பந்தம் வந்து, மாப்பிள்ளையின் தாய் அன்னப்பூரணி பெப்ரவரியில் வந்து வீடு பார்த்துவிட்டுப் போனாள். இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்கப் போகிறவன். ஆகவே வீட்டை மட்டுமல்ல, கிணறு, ஒழுங்கை, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பார்த்துப் போன அன்னப்பூரணி பிறகு வாயே திறக்கவில்லை.

"அங்காலயிருந்து வந்ததுதான் அந்த மனிசியின்ர வாயைக் கட்டின" என்றாள் கேதீஸ்வரி.

"நீ அண்டைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பத்திக் கதைச்ச கதைக்கு மாப்பிள்ளை என்ன, அவங்க வந்த ஓட்டோவும் இந்தப் பக்கம் திரும்பாது" என்றார் வினாயகமூர்த்தி.

என்ன பெரிய கதை. 'விசர்ப் பிள்ளை ஒண்டு இரிக்கு, பயப்பிடாதீங்க, வேலி பாஞ்சு வராது' என்றுதான் சொன்னாள். அக்கம்பக்கம் பார்க்க வந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அன்னப்பூரணியே கோல் எடுத்தாள். ஞாயிறு பத்து மணி போல இன்னொருக்கா வந்து பார்க்கிறோம் என்றாள். குரலில் பிடிகொடுக்கவில்லை. இந்த முறையும் வாய் கட்டினால் இனி வராது என்று கேதீஸ்வரிக்குத் தெரிந்தது. தகர ஓட்டைக்குள்ளால் போனை நுழைத்து, கட்டையிலிருந்த சிவப்புக் கையைப் படம் பிடித்து, பனிச்சங்கேணி சீனித்தம்பிக்கு வொட்ஸ்அப்பில் அனுப்பினாள். சீனித்தம்பி அந்தப் பக்கத்தில் பேர்போன மந்திரவாதி. எதற்கும் எழுத்தில் பதில் தரமாட்டார். குரலில்தான் அனுப்புவார். பின்னால் ஒரு ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"நல்லாக் கட்டியிரிக்கான். கை போட்டுக் கட்டினதை நானே இப்பதான் பாக்கிறன். பயப்பிடாத. உன்ர வளவோட முட்டுற மூலையில உள்ளதக் கழட்டு. விடியக்குள்ள செய். ஓடுற தண்ணியில விடு. போற தண்ணியோட போகட்டும்."

அவளுடைய வளவோடு முட்டுகிற மூலை வாவிப் பக்க மூலை. அந்தப் பக்கம் ரதீஸ் வீட்டுக்கு வேலி கிடையாது. கட்டைகள் மட்டும்தான். கட்டையைத் தாண்டினால் நாலு எட்டில் தண்ணி. வீட்டுக்குச் சொந்தக்காரர் லண்டனில் இருந்துகொண்டு 'வாற வருசம் மதில் கட்டித் தாறன்' என்று அவர்கள் குடிவந்த நாள் தொட்டுச் சொல்கிறவர். நிரோஜினி அவரோடு போனில் மன்றாடுவதைக் கேதீஸ்வரி தன் காதால் கேட்டிருக்கிறாள். "தண்ணியைக் கண்டா இவள் நிக்கமாட்டாள் அண்ணா. முந்தின வீட்டையும் அதாலதான் விட்டு எழும்பின. ஒரு கம்பி வேலியாவது அடிச்சுத் தாங்க."

கேட்ட அன்று கேதீஸ்வரி யோசித்தது, பிள்ளைக்குத் தண்ணியில் என்ன அப்படி இழுவை, அங்கே யார் கூப்பிடுகிறார்கள் என்றுதான்.

ஞாயிறு விடிய, அங்கே இன்னும் கதவு திறக்கவில்லை. கேதீஸ்வரி பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு கரையால் சுற்றிப் போனாள். ஆணியைப் பாக்குவெட்டி நுனியால் நெம்பினாள். கழன்றது. அட்டையைத் தண்ணியில் விட்டாள். உள்ளே யாரோ கதவைத் திறக்கிற சத்தம் கேட்கவே, திரும்பிப் பாராமல் வந்துவிட்டாள்.

ஓடுகிற தண்ணி என்று சீனித்தம்பி சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கோடையில் முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கிறபோது வாவித் தண்ணி எங்கே ஓடும்? குளத்தைப்போலக் கிடந்த இடத்தில் கிடந்தது. அட்டையும் போகவில்லை. கரைக்குக் கொஞ்சம் தள்ளி, கண்ணா மரப் பத்தைக்கு முன்னால், சிவப்பு மேலே தெரியத் தெரிய மிதந்துகொண்டு நின்றது.

பத்து மணிக்கு அன்னப்பூரணி வந்தாள். கூட மாப்பிள்ளையின் தகப்பன், பேச்சில்லாத மனிதர். கேதீஸ்வரி தீபாவளிக்கு வாங்கிய மஞ்சள் பட்டில் நின்று வரவேற்று, முன் ஹோலில் இருத்தி, வெத்திலை வட்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். வட்டாவில் வெத்திலை இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, பாக்கு முழுசாக இருந்தது. பாக்குவெட்டியைக் காணவில்லை.

"இஞ்சதானே வச்ச" என்று குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பக்கம் ஒரு சாமானும் நிக்குதில்ல அக்கா. யாரைச் சொல்ல ஏலும்" என்று தகர வேலிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

வினாயகமூர்த்தி இருமினார்.

அன்னப்பூரணி வெத்திலையைத் தொடவில்லை. "அந்தப் பிள்ளை இப்பவும் பக்கத்திலதான் இரிக்கா?" என்றாள்.

பார்த்தாயா, அதுதான் மனதில் கிடக்கிறது என்று கேதீஸ்வரி நினைத்தாள். "இரிக்கு. ஆனா இனி ஒண்டுக்கும் பயமில்ல அக்கா. நான் ஒரு அலுவல் பாத்து வச்சிரிக்கன்."

"என்ன அலுவல்?"

"அது… மறுகா சொல்றன். அவங்களும் அதிக நாள் இரிக்க மாட்டாங்க. அந்தப் பிள்ளையை வச்சுக்கொண்டு ஆர் எங்க நிலைச்சு இரிக்கிற?"

அன்னப்பூரணியின் முகம் இறுகியது. கேதீஸ்வரி அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தைரியம் சொல்வோம் என்று வாயைத் திறந்தவள், பழக்க தோசத்தில் யன்னலால் ஒருதரம் பார்த்தாள்.

அந்த யன்னலால் பார்த்தால் பக்கத்து வளவின் கடைசிக் கட்டை தெரியும். அதற்காகத்தான் ஹோலில் எப்போதும் யன்னலோரக் கதிரையில் அவள் இருப்பாள்.

யதுஷா காலைச் சுற்றில் நின்றாள். மூன்று மூலை முடிந்து நாலாவதுக்கு வந்திருந்தாள். கட்டையில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கித் தண்ணியைப் பார்த்தாள். சிவப்பு அங்கே இருந்தது.

குசினி வாசலில் நிரோஜினி இல்லை. அடுப்பில் பால் பொங்கியிருக்கலாம், யாரும் கூப்பிட்டிருக்கலாம். பிள்ளை கட்டையைத் தாண்டி நடந்தாள். ஓடவில்லை. தன் சாமானை எடுக்கப் போகிற நடை.

கேதீஸ்வரி எழும்பினாள். அவளுடைய வாழ்நாளில் ஒன்றைக் கண்டுவிட்டுச் சொல்லாமல் எழும்பினது அன்றைக்குத்தான். வெத்திலை வட்டா காலில் தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது. பின் கதவால் இறங்கி, முருங்கைக்குக் கீழால், கரையால், செருப்பில்லாமல் ஓடினாள்.

வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் நனைந்தறியாதவள் அவள். சேறு காலை இழுத்தது. பட்டுச் சேலை தண்ணியைக் குடித்துக் கல்லாகப் பாரித்தது. பிள்ளைக்கு நெஞ்சளவு தண்ணி. அதற்கு அங்கால் ஆழக் கிடங்கு என்பது ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும், தோணிகளைக் கட்டுகிற இடம். "புள்ள, இஞ்ச வா, புள்ள" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கும் இல்லை. எட்டிப் பிடிக்கப் போனாள். கை பட்டதும் பிள்ளை வீரிட்டு உதறிக்கொண்டு இன்னும் ஒரு எட்டு ஆழத்துக்குப் போனாள்.

அப்போதுதான் கேதீஸ்வரி பிள்ளையை விட்டுவிட்டு அட்டையைப் பிடித்தாள். பிள்ளைக்கும் கிடங்குக்கும் நடுவில் போய் நின்று, இடுப்பளவு தண்ணியில், அட்டையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மற்றக் கையை விரித்து நீட்டினாள். ஓட்டைக்குள்ளால் எத்தனையோ பொழுது கேட்டுக் கேட்டுப் பாடமான அதே அடித்தொண்டையில், அதே நீட்டலில், "நில்" என்றாள்.

பிள்ளை நின்றாள். ஈரக் கையைத் தூக்கிக் கறுப்புக் கைமேல் வைத்தாள்.

"திரும்பு."

திரும்பினாள். கரையைப் பார்த்து நடந்தாள். கேதீஸ்வரி அட்டையைப் பிடித்தபடி பின்னால் நடந்தாள். அதற்குள் நிரோஜினி, பாதி ஆற்றிய பால் கோப்பை கையிலிருக்க, வளவின் மற்றத் தொங்கலில் இருந்து ஓடி வந்தாள். சத்தம் போடவில்லை. பிள்ளை கரையேறும் வரையும் கரையிலேயே நின்றாள். கோப்பை எங்கே விழுந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கதை அதோடு முடியவில்லை. யதுஷா நேரே நாலாம் கட்டைக்குப் போனாள். கேதீஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்து, அட்டையைக் கட்டையோடு சேர்த்து அழுத்தினாள். இங்கேதான் இது இருக்க வேண்டும். கேதீஸ்வரி கையை எடுத்தால் அட்டை விழுந்தது. அட்டை விழுந்தால் 'ம்ம்ம்' ஏறிக்கொண்டே போய் அலறலானது. ஆகவே சொட்டச் சொட்ட நனைந்த மஞ்சள் பட்டில், சேற்றுக் காலோடு, கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் நிற்க வேண்டியதாயிற்று. ஹோலில் இருந்தவர்களும் பின்னால் வந்து நின்றார்கள்.

"சுத்தியல் எடுத்தாறன்" என்று வினாயகமூர்த்தி போனார். அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. அன்றும் அவசரப்படவில்லை.

நிரோஜினி கொடியில் கிடந்த துவாயை இழுத்துக்கொண்டு வந்து பிள்ளையை அணைக்கப் போனாள். "கொஞ்சம் பொறு மனே. இப்ப தொட்டா இன்னும் கத்துவாள்" என்றாள் அன்னப்பூரணி. "தலையைத் தொடாமத் துவாயை மட்டும் நீட்டு. அவளே எடுத்துப் போர்ப்பாள்."

நீட்டினாள். பிள்ளை எடுத்துப் போர்த்தாள்.

கட்டையைப் பிடித்திருந்த கேதீஸ்வரிக்குக் காது குத்திட்டு நின்றது. இந்த மனிசிக்கு இது எப்படித் தெரியும்?

அதற்கும் அவள் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. "என்ர மூத்த மகள்ர பொடியனும் இப்பிடித்தான்" என்று அன்னப்பூரணி நிரோஜினியிடம் சொன்னாள். "எட்டு வயசு. அவனுக்கு இடியப்பமில்ல, பிஸ்கற். அதுவும் உடையாத பிஸ்கற்." பிறகு கேதீஸ்வரியைப் பார்த்தாள். "போன முறை வந்திட்டுப் போகக்குள்ள மகள் கேட்டாள், தம்பி கலியாணம் கட்டிப் போற வீட்டுக்கு என்ர புள்ளையைக் கூட்டிப் போகலாமா எண்டு. நான் என்ன சொல்ல? நீங்க கதைச்ச கதையைத்தான் சொன்ன."

கேதீஸ்வரி அட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கோலத்தில் நின்று வேறு ஒன்றும் செய்ய முடியாது.

நிரோஜினி கட்டையின் அடியில் குனிந்தாள். புல்லுக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள். சீலைத் தலைப்பால் துடைத்தாள். பாக்குவெட்டி.

"இது உங்கட தானே மாமி?"

"ஓம்… காலமையிருந்து தேடிக்கொண்டிருந்த" என்றாள் கேதீஸ்வரி, மற்றக் கையால் வாங்கிக்கொண்டு.

நிரோஜினி கட்டையிலிருந்த ஆணித் துவாரத்தைப் பார்த்தாள். மரம் சிலும்பி, பச்சையாகக் கிடந்தது. பாக்குவெட்டி நுனியைப் பார்த்தாள். கேதீஸ்வரியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் ஏசியிருந்தால் கேதீஸ்வரி பதிலுக்கு நாலு சொல்லியிருப்பாள். அதற்கு வழியில்லாமல் போயிற்று. வினாயகமூர்த்தி வந்து இரண்டு ஆணி அடித்தார். முந்தி ஒன்றுதான் இருந்தது.

அன்னப்பூரணி ஓட்டோவில் ஏறும்போது, "அடுத்த முறை பேரனையும் கூட்டிக்கொண்டு வாறம். அவன் இருந்து பாக்கட்டும். மறுகா கதைப்பம்" என்றாள். அது ஓமா இல்லையா என்று கேதீஸ்வரி புருசனைக் கேட்டாள். "உடையாத பிஸ்கற் வாங்கி வை" என்றார் அவர்.

நாலைந்து நாளாக நிரோஜினி வேலிப் பக்கம் வரவில்லை. பொலிசுக்குப் போவாளோ, ஒழுங்கையெல்லாம் சொல்லுவாளோ என்று கேதீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. ஒழுங்கையில் போவோர் வருவோரின் முகத்தை ஆராய்ந்தாள். எல்லாரும் எதையோ தெரிந்துகொண்டு சிரிப்பது போலவே இருந்தது. பிறகு ஒருநாள் பின்னேரம் நிரோஜினி வாசல் கடப்படியில் வந்து நின்றாள். கையில் போன்.

"மாமி, அண்டைக்கு நிண்ட மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு ஒருக்கா நில்லுங்க. படம் எடுக்க."

கேதீஸ்வரி ஒரு எட்டுப் பின்வாங்கினாள். ஒரு படம் கிடைத்தால் போதும், சீனித்தம்பி ஆளையே படுக்கையில் விழுத்துவார் என்பது ஊரறிந்தது. "என்னத்துக்கு மனே?"

"அவள் அந்த மூலைக்கு வந்தா இப்ப கைப்படத்தைப் பாக்கிறாளில்ல. சுத்திச் சுத்தி உங்களைத் தேடுறாள். ரதீஸ் சொன்னவர், அப்ப மாமியையே பிரின்ட் அடிச்சு ஒட்டுவம் எண்டு."

மறுக்க வாய் வந்தது. ஆனால் நிரோஜினியின் பார்வை, விறாந்தை மேசையில் கிடந்த பாக்குவெட்டியில் ஒருதரம் இருந்துவிட்டுத் திரும்பியது. கேதீஸ்வரி வீட்டில் உடுக்கிற சோட்டியைச் சரிபண்ணிக்கொண்டு கையை நீட்டி நின்றாள். "கொஞ்சம் சிரியுங்க" என்று நிரோஜினி சொல்லவில்லை. அதனால் படத்தில் அவளுடைய வாய், எதையோ சொல்ல வந்தது போலப் பாதி திறந்தே விழுந்தது.

இப்போது நாலாம் மூலையில் கேதீஸ்வரி நிற்கிறாள், பிளாஸ்டிக் பூசி, சிவப்பு வட்டத்துக்குள். லண்டன்காரரும் ஒருவழியாகக் கம்பி வேலிக்கு ஓம் சொல்லியிருக்கிறாராம். அது வரும் வரைக்கும் அவள்தான் காவல்.

அது நன்றிக்கு வைத்ததா, களவெடுத்தவளைச் சந்தியில் கட்டி வைத்ததா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு பொழுதுபடவும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கிறாள். மூன்று பேரும் வருகிறார்கள். "நில்" என்கிறான் ரதீஸ். பிள்ளை நிற்கிறாள். படத்தைப் பார்க்கிறாள். உள்ளங்கையைத் தூக்கி வைக்கிறாள். படத்திலிருக்கிற நீட்டின கையில் அல்ல. நேரே கேதீஸ்வரியின் வாயில்.

இதைப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பதுதான் கேதீஸ்வரிக்கு இன்னும் பிடிபடவில்லை.